மூல நிலைக்கு மீட்கப்பட்டது

பேருந்து நிலையத்தில் வண்டி புறப்படும் நேரத்தை அறிவிப்பவரை ஊரே மைக்கு என்றுதான் கூப்பிட்டது. அவருடைய பெண்டாட்டி அங்கிருந்து கிளம்பும் நகரப் பேருந்தில் கண்டக்டர். "இவர் வாயைத் திறந்தா வண்டி நகரும், நான் வாயைத் திறந்தா ஆளுங்க நகருவாங்க" என்பாள். இரண்டு தொண்டைகளை நம்பி ஓடிய குடும்பம் அது.

மைக்குக்கு ஒரே ஒரு பைத்தியம் உண்டு. பிறர் தூக்கிப் போடும் பழைய கம்ப்யூட்டர்களை வீட்டுக்குச் சுமந்து வந்து, பிரித்து, ஊதி, துடைத்து, பற்றவைத்து, எப்பாடு பட்டாவது ஓட வைத்துவிட வேண்டும். ஓடிய பிறகு அதை வைத்து என்ன செய்வது என்று அவருக்கும் தெரியாது. கட்டிலுக்கடியில், துணி அலமாரியின் தலையில், குளியலறைக்குப் போகிற வழியில் என்று எங்கும் பழுப்பேறிய பெட்டிகள். வீட்டில் ஈய வாசனை அடிக்காத நாள் கிடையாது. "சக்களத்தி ஒருத்தின்னா மல்லுக்கு நிக்கலாம். இது பட்டாளமால்ல இருக்கு" என்று கண்டக்டர் அலுத்துக்கொள்வாள்.

அப்படி இருக்கையில் மைக்கின் தொண்டையில் கட்டி வந்தது. உயிரா, குரலா என்று மருத்துவர் கேட்டபோது அவர் யோசித்தார். கண்டக்டர் யோசிக்கவில்லை. அவரை முந்திக்கொண்டு பதில் சொன்னாள்.

அறுவைக்கு முந்தின வாரம் அவர் துணி அலமாரிக்குள் போர்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்து தமிழ் எழுத்துகளை ஒவ்வொன்றாகச் சொல்லிப் பதிவு செய்தார். உயிர், மெய், உயிர்மெய், ஒன்றையும் விடவில்லை.

"அந்த ஆய்த எழுத்து எதுக்குங்க? வாழ்க்கையில யாரு அதைச் சொல்றா?"

"இருக்கட்டும்மா. நாளைக்கு எஃகு வாங்கணும்னா கடையில போய் என்ன பண்ணுவேன்?"

எழுத்துகளோடு ஒரு சிரிப்பையும், ஒரு "ஏம்மா"வையும், மூன்று விதமான "ம்"மையும் சேர்த்துக்கொண்டார். ஒன்று சம்மதத்துக்கு, ஒன்று சந்தேகத்துக்கு, மூன்றாவது கேட்காமலே தலையாட்டுவதற்கு. எல்லாவற்றையும் இருப்பதிலேயே பிடிவாதக்கார இயந்திரம் ஒன்றில் ஏற்றினார். எழுத்துகளை நெளிவு சுளிவோடு ஒட்டிப் பேசும் அட்டை அந்த ஒன்றில்தான் இருந்தது. பத்திரத்துக்குப் பிளாப்பிகளிலும் நகல் எடுத்து வைத்தார்.

மருத்துவமனையிலிருந்து வந்தவர் அதன் முன்னால் உட்கார்ந்து தட்டினார். பெட்டிக்குள்ளிருந்து, கொஞ்சம் தடுக்கித் தடுக்கி, ஆனால் சந்தேகமே இல்லாமல் அவர் குரலில், "தண்ணீர்" என்று வந்தது. கண்டக்டர் தண்ணீர் எடுக்கப் போகாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அதற்குப் பிறகு அவள் பட்டாளம் என்று ஒரு நாளும் சொல்லவில்லை. தன்னுடைய பழைய சீருடைச் சட்டையைக் கிழித்து அந்த இயந்திரத்துக்கு உறை தைத்தாள்.

குடும்பம் மறுபடி ஓடியது. சண்டையும் ஓடியது. அவர் ஒரு வாக்கியம் தட்டி முடிப்பதற்குள் அவள் பத்து பேசிவிடுவாள். "நடுவுல பேசாதே. இன்னும் முற்றுப்புள்ளி வைக்கலை" என்று பெட்டி சொல்லும். வெளியூரில் வாக்கப்பட்ட மகள் கூப்பிடும்போது அவள் போனை ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் பிடித்துக்கொள்வாள். அப்பாவும் மகளும் பேசி முடிப்பதற்குள் கை மரத்துப்போகும்.

ஒரு நாள் "ர" விசை உள்ளே அமுங்கி மேலே வர மறுத்தது. ரகரம் இல்லாமல் தமிழில் ரொம்ப நாள் ஓட்ட முடியாது. அதே வகை இயந்திரங்கள் தொன்மைக் கருவிகள் காப்பகத்தின் கிடங்கில் குவிந்து கிடப்பதாக யாரோ சொன்னார்கள். ஒரு சிறு ஸ்பிரிங்தானே, கேட்டால் கொடுக்காமலா போவார்கள் என்று இருவரும் கிளம்பினார்கள்.

காப்பகத்தின் வாசலில் "தொடாதே, போற்று" என்று பொறித்திருந்தது. உள்ளே எல்லோரும் இழவு வீட்டில் பேசுவதுபோல் தாழ்ந்த குரலில் பேசினார்கள். இயக்குநர் மரியாதையான மனிதர். கண்டக்டர் கேட்டதைக் கண்ணை மூடிக்கொண்டு முழுதாகக் கேட்டார்.

"அம்மா, இங்கேருந்து ஒரு திருகாணி வெளிய போனாலும் வரலாறு ஒழுகுதுன்னு அர்த்தம். நாங்க வாங்குவோம். கொடுக்கிறது எங்க மரபுல இல்லை."

"குப்பையாத்தானே சார் கிடக்கு?"

"குப்பையா இல்லைம்மா. வகைப்படுத்தப்படாம கிடக்கு."

அத்தோடு எழுந்து வந்திருக்கலாம். கண்டக்டர்தான் வாயைக் கொடுத்தாள். "எங்க வீட்டுல ஓடிக்கிட்டிருக்கறதுக்காகத்தான் சார் கேட்கிறோம்."

இயக்குநர் கண்ணைத் திறந்தார். "ஓடுதா?"

"தினமும் ஓடுதுங்க."

"தினமுமா?" என்றார் அவர், அடிபட்ட குழந்தையைப் பற்றிக் கேள்விப்பட்டவர்போல.

அந்த வாரமே வீட்டுக்கு ஆள் வந்தது. இயக்குநரோடு வெள்ளைக் கையுறை போட்ட ஒரு அம்மாள். அவருடைய பதவியின் பெயர் மூல நிலை அதிகாரி. எந்தப் பொருள் வந்தாலும் அது பிறந்த அன்று எப்படி இருந்ததோ அந்த நிலைக்கு மீட்பது அவர் வேலை. இயந்திரத்தின் முன் குனிந்து, உச்சுக் கொட்டினார். மைக்கு வீட்டுக்கு வந்தவர்களை வரவேற்க வேண்டுமே என்று "வாங்க, உட்காங்க" என்று தட்டினார். ரகரத்தில்தான் கோளாறு.

அதிகாரி துடித்துப்போனார். "தயவுசெஞ்சு அவரைப் பேச விடாதீங்க. ஒவ்வொரு எழுத்துக்கும் தேய்மானம் இருக்கு."

"பேசாம எப்படிங்க இருப்பாரு?" என்றாள் கண்டக்டர்.

"அது சுகாதாரத் துறைங்க. எங்க துறை இல்லை."

அந்த வகையில் ஓடும் நிலையில் மிஞ்சியிருப்பது இது ஒன்றுதான் என்றும், ஆகவே அது அந்த நிமிடமே மரபுச் சின்னம் ஆகிவிட்டது என்றும், மரபுச் சின்னத்தை இயக்குவது சட்டப்படி சேதப்படுத்துவதில் சேரும் என்றும் இயக்குநர் விளக்கினார். ஓடுகிறது என்பதால் எடுக்கிறார்கள், எடுத்த பிறகு ஓடக் கூடாது. கண்டக்டருக்கு இதை இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. இரண்டாவது தடவையும் புரியவில்லை.

இயந்திரம், பிளாப்பிகள், ஒலிபெருக்கி, சீருடைத் துணி உறை எல்லாவற்றுக்கும் பெட்டிகள் வந்தன. உறையைக்கூட விடவில்லை, "காலத்தோடு ஒட்டிய துணைப்பொருள்" என்றார்கள். மைக்கு விசைப்பலகையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். அதிகாரி மிகுந்த பக்குவத்தோடு அவருடைய விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தார். "விரல்ல எண்ணெய்ப் பசை இருக்கும். பொருளுக்கு ஆகாது" என்றார். இயந்திரத்தை அணைப்பதற்குள், கடைசியாக மைக்கு தட்டியிருந்தது ஒலித்தது. "அது என் குல்."

"இனிமே அது நாட்டோட குரல் ஐயா" என்று இயக்குநர் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். இயக்குநருக்குக் கண் கலங்கியிருந்தது.

வீடு ஊமையாகிவிட்டது. மகள் கூப்பிட்டால் மைக்கு போனை வாங்கிக் காதில் வைத்துக்கொண்டு கேட்பார், திருப்பித் தருவார். கண்டக்டர் விடுப்பு எடுத்துக்கொண்டு காப்பகத்துக்குப் போனாள். வாசலில் டிக்கெட் கேட்டார்கள்.

"நான் கண்டக்டர்ங்க. டிக்கெட் கொடுக்கிறவ."

"கொடுக்கிறவங்களா இருந்தாலும் உள்ள வரணும்னா வாங்கித்தான் ஆகணும்."

வாங்கிக்கொண்டு போனாள். இயந்திரம் வேண்டாம், குரலை மட்டும் நகல் எடுத்துக்கொள்கிறோம் என்று கேட்டாள். இதைவிடக் குறைத்துக் கேட்க அவளுக்குத் தெரியவில்லை.

"மரபுப் பொருளுக்கு நகல்னா அதுக்குப் பேர் போலி" என்றார் இயக்குநர். "போலி பண்றது குற்றம்."

"குரல் அவரோடதுங்க."

"அதை நாங்க மறுக்கவே இல்லையே. பலகையிலயே எழுதி வைக்கப்போறோம். ஆனா ஒரு குரலை வெளிய விட்டா நாளைக்கு யாரு வேணும்னாலும் அதுல பேசுவாங்க."

"அவருதானே பேசப்போறாரு?"

"முன் அனுமதி வாங்காம தன் குரல்லயே பேசி மாட்டின முதல் ஆளா அவர் ஆகிடக் கூடாதேன்னுதான்மா சொல்றேன். அவர் மேல உங்களைவிட எனக்கு அக்கறை இருக்கு."

ஆனாலும் அவள் விடாமல் போய் நின்றதில் ஒரு பலன் கிடைத்தது. பொருளையும் அதைப் பயன்படுத்தியவரையும் பிரித்து வைப்பது நெறிக்குப் புறம்பானது என்று ஒரு குழு கூடிக் கண்டுபிடித்தது. ஆகவே மைக்கு தினமும் வந்து பொருளின் பக்கத்தில் உட்காரலாம். இயக்கக் கூடாது. பெட்டியின் பக்கத்தில் இருக்கலாமே என்ற ஆசையில் அவர் சம்மதித்தார். சிவப்புக் கயிற்றுக்குள் ஒரு நாற்காலி போட்டார்கள். கண்ணாடிக்குள் இயந்திரம். நாற்காலியில் மைக்கு. அவர் காலடியில் ஒரு சிறிய பலகை: இயக்குபவர், அசல்.

கண்டக்டர் சாப்பாடு கொண்டுபோகும்போதெல்லாம் புருஷனைப் பார்க்க டிக்கெட் வாங்கினாள். ஒரு நாள் பார்வையாளர் கூட்டத்துக்குப் பின்னால் தூக்குப் பாத்திரத்தோடு நின்றுகொண்டிருந்தாள். வழிகாட்டி விளக்கிக்கொண்டிருந்தார்.

"இவர் உயிரோட இருக்காரா?" என்று ஒருவர் கேட்டார்.

"இருக்காருங்க" என்றார் வழிகாட்டி. "ஆனா இப்போ ஓடறதில்லை."

கூட்டம் தலையாட்டிவிட்டு அடுத்த பொருளுக்கு நகர்ந்தது. மைக்கு பெண்டாட்டியைப் பார்த்து லேசாகச் சிரித்தார். அவள் கயிற்றுக்கு மேலாகத் தூக்குப் பாத்திரத்தை நீட்டினாள். இத்தனை வருஷம் பேருந்தில் எத்தனையோ பேர் அவளைத் திட்டியிருக்கிறார்கள், இடித்திருக்கிறார்கள், சில்லறையை முகத்தில் எறிந்திருக்கிறார்கள். அவர்களில் ஒருவர்கூட அவளிடம் மரியாதையாகப் பேசிக்கொண்டே இதைச் செய்ததில்லை.

சில நாளில் கண்ணாடிப் பெட்டி காலியானது. இயந்திரம் சிகிச்சைக்குப் போயிருக்கிறது என்றார்கள். மைக்கு காலிப் பெட்டிக்குக் காவல் இருந்தார். பிறகு இயக்குநரே வீட்டுக்கு வந்து நல்ல செய்தி சொன்னார். "பேசும் பாரம்பரியம்" என்று புதுக் கூடம் திறக்கிறார்கள். அமைச்சர் வருகிறார். அன்று ஒரே ஒரு முறை, விதிவிலக்காக, இயந்திரத்தை இயக்கி மைக்கு பேசலாம். "ர" விசையையும் சரிசெய்தாகிவிட்டது.

மைக்கு அந்த வாரம் முழுக்க விரலால் மேசையில் தட்டிப் பழகினார். என்ன பேசப்போகிறீர்கள் என்று கேட்டதற்கு உதட்டை மூடிக்கொண்டார். கண்டக்டர் சீருடையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டாள். மகளைப் போனில் பிடித்து, "வைக்காதே, அப்பா பேசுவாரு" என்று கையிலேயே வைத்திருந்தாள்.

இயக்குநர் மேடையில் நிறைவாகப் பேசினார். "மாண்புமிகு அமைச்சர் அவர்களே, ஒரு சமுதாயத்தோட தரம், அது தன் குரல்களை எப்படிப் பாதுகாக்குதுங்கறதுல இருக்கு. நேத்து வரைக்கும் ஒரு சின்ன வீட்டுல, ஒரு தனிமனிதரோட அன்றாடத் தேவைக்குன்னு இந்தக் குரல் வீணாகிக்கிட்டிருந்தது. தண்ணி கேட்கவும் உப்பு கேட்கவும் அதைச் செலவு பண்ணினாங்க. அந்த அழிவை நாம தடுத்திருக்கோம்."

கைதட்டல் அடங்கியதும் மைக்கைக் கூட்டிவந்து உட்கார வைத்தார்கள். அவர் விசையைப் போட்டார். திரையில் பச்சைப் புள்ளி ஒன்று கண்சிமிட்டியது. முகம் மலர்ந்து தட்டத் தொடங்கினார். தட்டித் தட்டி ஒரு முற்றுப்புள்ளியும் வைத்தார்.

பெட்டி "பீப்" என்றது.

மறுபடி தட்டினார். மறுபடி "பீப்". ஒரே ஒரு எழுத்தைத் தட்டிப் பார்த்தார். பிறகு கையை மடியில் வைத்துக்கொண்டு கூட்டத்தில் பெண்டாட்டியைத் தேடினார்.

மூல நிலை அதிகாரி மைக்கைப் பிடித்தார், ஒலிவாங்கியை. "ஒரு சின்ன விளக்கம். திறந்து பார்த்தப்போ இந்தப் பொருள்ல ஏகப்பட்ட பிற்காலச் சேர்க்கைகள். வட்டு முழுக்க யாரோ ஒருத்தரோட குரல், எழுத்து எழுத்தா. சிரிப்பு, "ம்" கொட்டறதுகூட இருந்தது. எல்லாத்தையும் கவனமா நீக்கி, தொழிற்சாலையிலேர்ந்து வந்த அன்னிக்கு எப்படி இருந்ததோ அந்த மூல நிலைக்கு மீட்டிருக்கோம். கூட வந்த பிளாப்பிகளும் இப்போ புத்தம்புதுசா இருக்கு. ஒண்ணுல கூட ஒண்ணும் கிடையாது."

அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. அமைச்சர் இயந்திரத்தைச் சுற்றிவந்து பார்த்தார். "அற்புதம். எவ்வளவு அமைதியா இருக்கு" என்றார்.

"கையைத் தட்டாதீங்க" என்றாள் கண்டக்டர்.

நெரிசல் நேரத்தில் பின்படிக்கட்டு வரை எட்டுகிற குரல் அது. அரங்கம் நின்றுவிட்டது.

"யாரோ ஒருத்தர் குரலா? அந்த யாரோ இதோ உட்கார்ந்திருக்காரு. அறுக்கறதுக்கு முன்னாடி அலமாரிக்குள்ள உட்கார்ந்து ஒவ்வொரு எழுத்தாச் சேர்த்து வச்ச குரல். டாக்டர் அவர் உயிரைக் காப்பாத்தணும்னு அறுத்தாரு. நீங்க எதைக் காப்பாத்தினீங்க?"

இயக்குநர் அவளருகில் வந்து தாழ்ந்த குரலில் சமாதானம் சொன்னார். "உணர்ச்சிவசப்படாதீங்கம்மா. ஒண்ணும் கெட்டுப்போகலை. நல்ல ஸ்டூடியோ ஏற்பாடு பண்றேன், செலவு எங்களோடது. அவரையே வந்து மறுபடியும் பேசிப் பதிவு பண்ணிக் கொடுத்துட்டுப் போகச் சொல்லுங்க."

அவர் கேலி செய்யவில்லை. மனதாரத்தான் சொன்னார். கண்டக்டர் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். அறைந்துவிடலாம் என்று கைகூட எழுந்தது. ஆனால் அந்த முகத்தில் அடி விழுந்தால்கூட எதற்கென்று அதற்குத் தெரியாது. கையிலிருந்த போனில் மகள், "அம்மா, அப்பா பேசிட்டாரா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

கயிற்றைத் தூக்கி, புருஷன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தாள். வாசலில் காவலாளி மறித்தார். "அம்மா நீங்க போகலாம். இவர் பொருள் கணக்குல இருக்காரு. வெளிய அனுப்ப உத்தரவு வேணும்."

"தொட்டுத் தடுத்துப் பாரு."

காவலாளி கையை நீட்டினார், பிறகு தன் கையைப் பார்த்தார். அவரிடம் கையுறை இல்லை. ஓரமாக ஒதுங்கிக்கொண்டார்.

வீட்டில் மைக்கு சுவரைப் பார்த்துப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. சாப்பிடச் சொன்னால் சாப்பிட்டார். திருகுப்புளியைத் தொடவே இல்லை. ஒரு விடுமுறை நாளில் கண்டக்டர் கட்டிலுக்கடியில் புகுந்து, கைக்குக் கிடைத்த ஒரு பெட்டியைத் தரதரவென்று இழுத்து மேசையில் போட்டாள்.

"இதை ஓட வைங்க."

எதுக்கு என்று அவர் உதட்டை அசைத்தார்.

"என் குரலைப் போட்டுக்கோங்க. என்கிட்ட நிறைய இருக்கு."

பேசும் அட்டை அதில் இல்லாததால், அப்படி ஒன்றைச் செய்ய அவர் மூன்று பெட்டிகளை உடைத்து ஒன்றாக்கினார். அதன் பிறகு கண்டக்டர் அலமாரிக்குள் உட்கார்ந்து அ, ஆ என்று தொடங்கினாள். உயிரெழுத்து வரை ஒருமாதிரி போயிற்று. மெய்யெழுத்துக்கு வந்ததும் இயக்குநர் முகம் ஞாபகம் வந்துவிட்டது. "க்" என்பதைக் காறித் துப்பினாள். "ச்", "ட்" எல்லாம் அறை விழுகிற ஓசையில் வந்தன. மைக்கு கதவைத் திறந்து, கொஞ்சம் தணிவாக என்று சைகை காட்டினார்.

"எனக்கு வேற மாதிரி வரலைங்க. இப்படியே வச்சுக்கோங்க."

அப்படியே வைத்துக்கொண்டார். அதனால் அவர் தண்ணீர் கேட்டால் வைவதுபோல் இருந்தது. "நல்லா இருக்கு" என்று பாராட்டினால் அக்கம்பக்கத்தில் ஜன்னலைத் திறந்து பார்த்தார்கள். மகளோடு பேசியபோது, "ஏம்மா கோவமா இருக்கே?" என்றாள் அவள். "நான் அப்பா" என்று கோபமாகப் பதில் போனது. அந்தப் பக்கம் சிரிப்பும் அழுகையும் ஒன்றாகக் கேட்டது. வீட்டுச் சண்டைகளில் யார் பேசுகிறார்கள் என்று இப்போது வெளியில் யாருக்கும் தெரியாது.

காப்பகம் மாதாமாதம் குறைகேட்புக் கூட்டம் நடத்துவது வழக்கம். குறை உள்ளவர் நேரில் வந்து தன் வாயாலேயே சொல்ல வேண்டும். வேறொருவர் அவருக்காகப் பேசக் கூடாது. இந்த விதியால் அங்கே பெரும்பாலும் குறைகள் இருப்பதில்லை. அந்த மாதம் மைக்கு தள்ளுவண்டியில் பெட்டியை வைத்துத் தள்ளிக்கொண்டு வந்து, மேடைக்கு நேர் எதிரே நிறுத்தி, செருகியைச் செருகினார். கண்டக்டர் கடைசி வரிசையில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தாள்.

பெட்டி பேசத் தொடங்கியதும் இயக்குநர் நெற்றியைச் சுருக்கினார்.

"ஐயா, ஒரு நிமிஷம். இது உங்க வீட்டம்மா குரல்தானே? மனுதாரர் சொந்தக் குரல்லதான் பேசணும். விதி எல்லாருக்கும் ஒண்ணுதான்."

மைக்கு தட்டினார். அவர் தட்டி முடிக்கும் வரை அரங்கம் காத்திருக்க வேண்டியிருந்தது.

"அதை அழிச்சவங்க நீங்க. எடுத்துக்கிட்டு வாங்க. அதுல பேசறேன்."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். இயக்குநர் அதைக் குறிப்பில் சேர்க்க வேண்டாம் என்றார். இதற்கிடையில் மூல நிலை அதிகாரி பெட்டியையே கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று இயந்திரங்களைச் சேர்த்துச் செய்தது. உலகத்தில் இப்படி வேறொன்று இருக்க முடியாது. அவர் கை தானாகவே பைக்குள் போய் வெள்ளைக் கையுறையை எடுத்தது. மேடையிலிருந்து இறங்கி, மிகுந்த பக்குவத்தோடு கையை நீட்டினார்.

மைக்கு ஒலித் திருகை முழுதாகத் திருப்பிவிட்டு, சில எழுத்துகளை மட்டும் தட்டினார்.

"கையை எடு."

ஜன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன. எல்லோரும் திரும்பிக் கண்டக்டரைப் பார்த்தார்கள். அவள் வாய் மூடியே இருந்தது. அதிகாரியின் கை அந்தரத்தில் நின்று, பிறகு மெல்லப் பின்வாங்கியது. இயக்குநர் கூட்டம் முடிந்ததென்று எழுந்தார். பெட்டி அவரைப் பார்த்து, "உட்காருங்க, இன்னும் முடியலை" என்றது.

அவர் உட்கார்ந்தார்.

மைக்கு அடுத்த எழுத்தைத் தேடினார். தட்டுவதில் அவர் கொஞ்சம் மெதுவானவர். எல்லோரும் காத்திருந்தார்கள்.